வேட்டை என்னும் சொல்லும் கலவா மீனும்: தென் திருவிதாங்கூர்க் கரையில் ஒரு சட்டத்தின் வரலாறு

அகத்திய மலையில் தோன்றும் நெய்யாறு, காட்டாக்கடைப் பகுதியைக் கடந்து, நெய்யாற்றின்கரை நகரைத் தொட்டு, பூவாறில் கடலோடு கலக்கிறது. ஆற்றின் இரு மருங்கிலும் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்கும் ஊர்கள் பல. பாறசாலை வழியாகத் தெற்கே சென்றால் மாநில எல்லை. மேற்கே இறங்கினால் பொழியூர். அதற்கு அடுத்த கடற்கரை ஊரான நீரோடி தமிழ்நாட்டுக்கு உரியது. இவ்வூர்களில் கடல்மீன் அன்றாட உணவு. தொழிலாக மீன்பிடிப்போரைத் தவிர, விடுமுறை நாளில் பூவாற்றுப் பொழிமுகத்திலோ விழிஞ்ஞத்துப் பாறைகளிலோ நின்று பொழுதுபோக்காகத் தூண்டில் வீசுவோரும் உள்ளனர்.

அவ்வாறு வீசப்பட்ட தூண்டிலில் பெரிய கலவா ஒன்று சிக்குகிறது எனக் கொள்வோம். கலவா இனங்களுள் மிகப் பெரியதான எபினெபெலஸ் லான்சியோலாட்டஸ் என்பதன் இளமீனாக அது இருந்தால், தூண்டிலைப் பிடித்திருப்பவர் சட்டத்தின் பார்வையில் மீன்பிடிப்பவர் அல்லர், வேட்டையாடுபவர். மீனைக் கொன்றாரா, கொக்கியைக் கழற்றித் திரும்பக் கடலில் விட்டாரா என்பது பிந்தைய வினா. பிடித்தலும் பிடிக்க முயல்தலும் வேட்டை என்னும் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. பாதுகாக்கப்பட்ட கடல்மீனைப் பொழுதுபோக்காகப் பிடிப்பதற்குச் சில நாடுகளில் உரிமச்சீட்டு, பருவம், அளவு, எண்ணிக்கை என விதிகள் உண்டு. இந்தியாவில் உள்ள விதி ஒன்றே: பிடித்தல் கூடாது. இவ்வொற்றை விதி எவ்வாறு உருவானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் சொற்களுக்கும் பெயர்களுக்கும் உள்ள பங்கு இதுவரை போதிய கவனம் பெறவில்லை.

பழந்தமிழில் வேட்டம்

கடலில் மீன்பிடித்தலை வேட்டை எனச் சுட்டுவது தமிழுக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் பரதவர் கடலுக்குச் செல்வது வேட்டம் எனவே குறிக்கப்படுகிறது. காட்டில் மானைத் துரத்துபவனுக்கும் கடலில் சுறாவை எறிபவனுக்கும் ஒரே வினைச்சொல் போதுமானதாக இருந்தது. பொழுதுபோக்கு, தொழில் என்னும் பிரிவினை அச்சொல்லில் இல்லை.

கட்டுப்பாடு என்னும் கருத்து அக்காலத்திலும் இருந்தது. பட்டினப்பாலை, முழுநிலவு நாளில் கடல் வேட்டத்துக்குச் செல்லாமல் ஓய்ந்திருக்கும் பரதவரைக் காட்டுகிறது. அவர்கள் சுறாவின் கோட்டை நட்டுத் தெய்வமாக வழிபட்டு, உண்டும் ஆடியும் அந்நாளைக் கழிக்கின்றனர். சாதாரணச் சுறாவுக்குக் கோடு எனச் சொல்லத்தக்க உறுப்பு இல்லை. ஆதலால் அது வேளா மீனின், அதாவது இருபுறமும் பல் வரிசை கொண்ட வாள்மூக்குடைய மீனின் உறுப்பு எனக் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொண்டால், இன்று சட்டம் பாதுகாக்கும் மீன்களுள் ஒன்று, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் மீன்பிடி ஓய்வு நாளின் வழிபடுபொருளாக இருந்தது என்றாகும். இதனைப் பழங்காலச் சூழலியல் அறிவு என்று பெருமைப்படுத்த வேண்டியதில்லை. அவ்விதி யாருடையது, எம்மொழியில் இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. கரையில் வாழ்ந்தவர் அறிந்த நாளிலும் அறிந்த பெயரிலும் அது அமைந்திருந்தது.

தூண்டில் விளையாட்டும் காலனியச் சட்டமும்

மீன்பிடித்தலைத் தொழில் என்றும் விளையாட்டு என்றும் பிரித்த பார்வை ஆங்கிலேய ஆட்சியோடு வந்தது. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் விளையாட்டு பற்றி எழுதிய நூல் 1873இல் வெளிவந்தது. அதே ஆண்டில் இந்தியா, பர்மா ஆகியவற்றின் நன்னீர் மீன்வளம் குறித்த பிரான்சிஸ் டேயின் அறிக்கையும் வெளியாயிற்று. இருவரும் மீன்வளம் குறைவது கண்டு கவலையுற்றவர்கள். எனினும் அக்காலத்து எழுத்துகளில் தூண்டிலோடு நிற்கும் கனவானும், நெருங்கிய கண்ணுடைய வலையோ நஞ்சோ கொண்டு மீனை அழிக்கும் நாட்டாரும் எதிரெதிராக நிறுத்தப்படுவதைக் காணலாம்.

1879இல் சென்னை மாகாணம் இயற்றிய நீலகிரி வேட்டைவிலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் இப்பார்வையின் முதற்பயன்களுள் ஒன்று. வேட்டை விலங்கும் மீனும் ஒரே சட்டத்தில் இணைந்தன. இரண்டும் விளையாட்டின் பொருள்களாகக் கருதப்பட்டமையே இணைப்புக்குக் காரணம். 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடிமருந்தும் நஞ்சும் கொண்டு மீன்பிடித்தலை அது தடுத்தது. வெடிமருந்துத் தடை கரையிலிருந்து ஒரு கடற்காதம் வரை கடலுக்கும் பொருந்திற்று. தண்டனை, அதிக அளவாக 2 மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். அச்சட்டம் கருவிகளையும் முறைகளையும் பற்றிப் பேசியது. குறிப்பிட்ட ஒரு மீனினத்தைத் தொடக்கூடாது எனச் சொல்லவில்லை.

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தன. எனவே பிரித்தானிய இந்தியச் சட்டம் நேரடியாக இக்கரையை ஆளவில்லை. விடுதலைக்குப் பின் 1950இல் திருவிதாங்கூர்-கொச்சி மீன்வளச் சட்டம் இயற்றப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் இணைப்புக் கோரிய பகுதிகளுள் ஒன்றான நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே கோடு விழுந்தது. இருபுறத்து மீனவரும் உறவினர். வலையும் வள்ளமும் மீன்பெயர்களும் பெரும்பாலும் பொது. அன்று முதல் ஒரே கடலின் மீனுக்கு இரண்டு மாநில விதிகள் உருவாகத் தொடங்கின. கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1980இலும், தமிழ்நாட்டுச் சட்டம் 1983இலும் வந்தன.

விலங்கு என்பதன் எல்லை

மாநிலங்கள் மீன்பிடித் தொழிலை ஒழுங்குபடுத்திய அதே காலத்தில், மத்திய அரசின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேறொரு பாதையில் வளர்ந்தது. 1972இல் இச்சட்டம் இயற்றப்பட்டபோது, விலங்கு என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கத்தில் பாலூட்டி, பறவை, ஊர்வன, நிலநீர் வாழ்வன ஆகியவையே பெயர் சுட்டப்பட்டன. மீன் அவ்வரிசையில் இல்லை. வன உயிர் என்னும் மற்றொரு சொல்லின் விளக்கத்தில் தேனீ, வண்ணத்துப்பூச்சி முதலியவற்றோடு மீன் இடம்பெற்றது. அதாவது மீன் வன உயிர் ஆயிற்று. விலங்கு என வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை.

வேட்டை என்பதன் விளக்கமோ அகன்றது. கொல்லுதல், பிடித்தல், கண்ணி வைத்தல், பொறிவைத்தல், இரைகாட்டி ஈர்த்தல், இவற்றுக்கான முயற்சி ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். புலியையும் மானையும் மனத்திற்கொண்டு எழுதப்பட்ட சொற்கள் இவை. ஆயினும் இரைகாட்டி ஈர்த்தல் என்பதைத் தூண்டிலுக்குப் பொருத்தினால் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை.

1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையை முற்றாக ஒழிக்கவில்லை. சில அட்டவணைகளில் உள்ள உயிர்களை உரிமம் பெற்று வேட்டையாட வழி இருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வுரிமங்களை நீக்கியது. அதன்பின் கல்வி, அறிவியல் ஆய்வு போன்ற வரையறுத்த நோக்கங்களுக்கு மட்டுமே தனி அனுமதி என்றாயிற்று. இக்கால வரிசை இன்றியமையாதது. விளையாட்டு வேட்டைக்கான கதவு 1991இல் மூடப்பட்டது. கடல்மீன்கள் 2001இல் பட்டியலில் நுழைந்தன. பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு அளவு, பருவம், எண்ணிக்கை என விதி வகுப்பதா என்னும் விவாதம் கடல்மீனைப் பொறுத்தவரை எழ வாய்ப்பே இல்லாமற் போனதற்கு இதுவே காரணம். மீன் வந்து சேர்ந்த வீட்டில் அவ்வறை ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தது.

2001ஆம் ஆண்டின் பட்டியல்

2001 மே 28 அன்று திமிங்கிலச் சுறா முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. சூலை 11 அன்று வந்த அறிவிக்கை பட்டியலை மிகவும் விரித்தது. கடற்குதிரை இனங்கள், பெருங்கலவா ஆகியவற்றோடு, குருத்தெலும்பு மீன்கள் அனைத்தும், அதாவது சுறா, திருக்கை, உழுவை, வேளா ஆகிய யாவும் ஒரே வரியில் தடைக்கு உட்பட்டன.

இவ்வரி நீரோடியிலிருந்து தெற்கே தூத்தூர் வட்டாரத்து ஊர்களை நேரடியாகத் தாக்கியது. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை ஆகிய ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் சுறா வேட்டையில் பெயர்பெற்றவர்கள். கொச்சித் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு, நெடுந்தூண்டில்களோடு நாள்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். அவர்களுடைய வாழ்வாதாரம் ஓர் அறிவிக்கையால் 3 ஆண்டோ 6 ஆண்டோ சிறைக்குரிய குற்றமாக மாறிற்று. எதிர்ப்பு எழுந்தது. 2001 டிசம்பர் 5 அன்று அரசு அறிவிக்கையைத் திருத்தி, சுறா, திருக்கை வகைகளில் 10 இனங்களை மட்டும் பட்டியலில் நிறுத்தியது.

பெருங்கலவாவுக்காக எவரும் போராடவில்லை. அதனை மட்டும் நம்பி வாழ்ந்த ஊர் எதுவும் இல்லை. எண்ணிக்கையில் அரிதான, எப்போதோ ஒருமுறை தூண்டிலில் ஏறும் மீன் அது. ஆகவே சூலையில் எழுதப்பட்டவாறே அது பட்டியலில் தங்கியது. 2002இல் நிறைவேறி 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விலங்கு என்பதன் விளக்கத்திலேயே மீனைச் சேர்த்து முந்தைய ஐயத்தை நீக்கியது. முதல் அட்டவணை உயிர்க்கான தண்டனையும் 3 முதல் 7 ஆண்டுச் சிறையாக உயர்ந்தது. குறைந்தது 10,000 ரூபாய் என்றிருந்த அபராதம் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 25,000 ரூபாய் ஆயிற்று. 1897இன் 2 மாதச் சிறையிலிருந்து இது நெடுந்தொலைவு. எந்த மீன், அதன் பெயர் என்ன என்று கரையில் நிற்பவருக்குச் சொல்லும் பொறுப்பு அதே அளவில் வளர்ந்ததா என்பதே எஞ்சும் வினா.

பெயர் சென்ற வழியும் திரும்பிய வழியும்

பட்டியலில் உள்ள இலத்தீன் பெயர்களுக்கும் தமிழ்க் கரைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெர்லினில் வாழ்ந்த மருத்துவர் மார்க்கஸ் எலீசர் புளோக், உலகின் மீன்களை வகைப்படுத்தி எழுதினார். தரங்கம்பாடியில் பணியாற்றிய மறைப்பணியாளர் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், தமிழகக் கரையின் மீன்களை அவருக்கு அனுப்பிவந்தார். கத்தாளை வகை ஒன்றுக்குப் புளோக் இட்ட பெயர் ஜோனியஸ் கருட்டா. முதற்சொல் ஜானின் பெயர். இரண்டாவது, கருங்கத்தாளையைக் குறித்துத் தரங்கம்பாடியில் வழங்கிய தமிழ்ப் பெயரின் முன்பகுதி. தமிழ் மீனவர் ஒருவரின் வாய்ச்சொல் இவ்வாறு அறிவியல் பெயராக நிலைத்தது. எபினெபெலஸ் லான்சியோலாட்டஸ் என இன்று வழங்கும் பெருங்கலவாவுக்கு 1790இல் சிறப்புப்பெயர் இட்டவரும் அதே புளோக்தான். ஆனால் அப்பெயரில் கரையின் சொல் எதுவும் இல்லை.

கரையில் வழங்கும் சொல் கலவா என்பதே. தமிழிலும் மலையாளத்திலும் சிறு ஒலிவேறுபாட்டோடு அது பொதுச்சொல். கேரளக் கரைக்கு அப்பால், கலவா மிகுந்த பாறைநிலங்களை மீன்வள அறிஞர்களே கலவா நிலங்கள் என எழுதியுள்ளனர். அச்சொல் ஓர் இனத்தைச் சுட்டுவதன்று. எபினெபெலஸ் பேரினத்தின் பல இனங்கள் அதனுள் அடங்கும். அவற்றுட் பெரும்பாலானவை விற்கவும் உண்ணவும் தடையற்றவை. இரண்டரை மீட்டருக்கு மேலும், ஏறத்தாழ 400 கிலோ வரையும் வளரக்கூடிய பெருங்கலவாவை முழு வளர்ச்சியில் அடையாளம் காண்பது எளிது. இளமீனோ மஞ்சள் நிறத்தில் ஒழுங்கற்ற கருந்திட்டுகளோடு இருக்கும். வளர வளர நிறம் மங்கிப் பழுப்பாகும். இடைப்பட்ட வளர்ச்சியில் பிற கலவாக்களிடமிருந்து அதனைப் பிரித்தறிய நூலறிவோ நீண்ட பழக்கமோ வேண்டும். பாறைமேல் நிற்கும் தூண்டில்காரருக்கு இரண்டும் இல்லாதிருக்கலாம்.

அறிவியல் பெயரும் அசையாத தூண் அன்று. 2001 டிசம்பர்ப் பட்டியலில் உழுவை வகையாக இடம்பெற்றது ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ். பிற்கால வகைப்பாட்டு ஆய்வுகள் அவ்வினம் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதிக்குரியது எனவும், இந்தியக் கரையில் அகப்படுபவை அதன் உறவினங்கள் எனவும் காட்டின. அதே பட்டியலில் இருந்த பிரிஸ்டிஸ் மைக்ரோடான் என்னும் வேளாவின் பெயர் பின்னர் பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸ் என்பதோடு இணைக்கப்பட்டது. ஆக, ஒருபுறம் கரையின் சொல் சட்டத்தின் சொல்லைவிட அகன்றது. மறுபுறம் சட்டத்தின் சொல் சுட்டிய இனம் இக்கரையிலேயே இல்லாதிருந்தது. சிறைத்தண்டனைக்குரிய குற்றம் ஒன்று இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட வெளியில் நிற்கிறது.

அளவுகோலும் பெயர்ப்பட்டியலும்

இதனோடு ஒப்பிடத்தக்கது கேரளத்தின் மற்றொரு விதி. 2015இல் அம்மாநிலம் 14 கடல்மீன் வகைகளுக்குக் குறைந்தபட்சப் பிடிப்பளவை அறிவித்தது. பின்னர் பட்டியல் விரிந்தது. சாளை 10 சென்டிமீட்டருக்கும், அயிலை 14 சென்டிமீட்டருக்கும் குறையக்கூடாது. இவை நாள்தோறும் கண்ணில்படும் மீன்கள். பெயரில் குழப்பம் இல்லை. அளவுகோல் ஒன்று போதும். விதியை மீறுபவருக்குத் தாம் மீறுவது தெரியும். அதனைக் கண்காணிப்பது மீன்வளத் துறை. மீனவர் பதிவுக்கும் உதவிக்கும் அன்றாடம் செல்லும் அலுவலகம் அது.

பெருங்கலவாவையும் வேளாவையும் காப்பது வனத்துறையின் பொறுப்பு. கடல்மீன் வன உயிர் எனப்படுவதன் நடைமுறை விளைவு இது. கரையில் வாழ்பவர் தம் வாழ்நாளில் அரிதாகவே சந்திக்கும் துறை, அவர்கள் அரிதாகவே காணும் மீனை, அவர்கள் கேட்டறியாத பெயரில் பாதுகாக்கிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மழைக்கால மீன்பிடித் தடையின் தொடக்க நாள் வேறுபடலாம். பொழியூரில் ஒன்றும் நீரோடியில் ஒன்றுமாக விதிகள் அமையலாம். வன உயிரினச் சட்டமோ இரு ஊர்க்கும் ஒன்றே. இரு ஊரிலும் அது ஒரே அளவில் அறியப்படாதிருப்பதும் அதன் பொதுத்தன்மை.

பிற இடங்களின் படிப்பினை

அமெரிக்காவின் புளோரிடாவில் பெருங்கலவாவின் நெருங்கிய உறவினமான கோலியாத் கலவா 1990இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. மீன்தொகை ஓரளவு மீண்டபின், 2023இல் பொழுதுபோக்குத் தூண்டில்காரருக்கு மட்டும் குலுக்கல் முறையில் ஆண்டுக்கு 200 அனுமதிகள் வழங்கும் திட்டம் தொடங்கிற்று. பருவம் மார்ச் முதல் மே வரை. மீனின் நீளம் 24 அங்குலத்துக்கும் 36 அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். ஒருவர்க்கு ஒரு மீன். 33 ஆண்டுத் தடைக்குப் பின்னும் அறிஞரிடையே இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. இந்தியக் கரையில் இதனைப் பின்பற்ற வேண்டும் என்பதற்கு அடிப்படை எதுவும் இல்லை. அங்கே தடையும் தளர்வும் மீனைத் தொடர்ந்து எண்ணியதன்மேல் நிகழ்ந்தன என்பதே இங்குப் பொருட்படுத்தத்தக்கது.

காவிரியின் படிப்பினை இன்னும் அருகில் உள்ளது. கர்நாடகத்தின் பீமேசுவரி, காலிபோர் பகுதிகளில் பிடித்துவிடும் தூண்டில் முகாம்கள் பல ஆண்டுகள் நடந்தன. சரணாலயத்துக்குள் தூண்டில் வீசுவதும் வேட்டையே என்னும் விளக்கத்தின் அடிப்படையில் 2010களின் தொடக்கத்தில் அவை நின்றன. அம்முகாம்களின் பிடிப்புக் குறிப்பேடுகளை ஆராய்ந்தே, காவிரிக்கே உரிய திமிலுடைய மஹசீர் மீனின் வீழ்ச்சியை அறிஞர் 2015இல் எண்களோடு நிறுவினர். ஒன்றரை நூற்றாண்டாகத் தூண்டில்காரர் புகழ்ந்த அம்மீன், டோர் ரெமதேவி என்னும் இனமே என்பது 2018இல்தான் உறுதியாயிற்று. அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அது அறிவிக்கப்பட்டதும் அதே ஆண்டில். சரியான பெயர் கிடைக்கும் வரை அதற்கெனப் பாதுகாப்புக் கோரவும் இயலவில்லை.

இவற்றிலிருந்து, பிடித்துவிடுதலை இக்கரையில் அனுமதிக்க வேண்டும் என்னும் முடிவுக்கு விரைதல் தவறாகும். ஆழத்திலிருந்து விரைவாக இழுக்கப்படும் கலவாவின் காற்றுப்பை விரிந்து உள்ளுறுப்புகளை நெருக்கும். நீரில் விட்டாலும் அது மீண்டும் கீழிறங்க இயலாமல் மாயலாம். கலவா இனங்களுட் பல பெண்ணாக முதிர்ந்து பின் ஆணாக மாறுபவை. பெரிய மீன்களை எடுப்பது இனப்பெருக்கத்தையே குலைக்கும். பிடித்தலையே தடுக்கும் விதிக்கு உயிரியல் நியாயம் உண்டு. குறை விதியின் கடுமையில் இல்லை. விதி அறிவிக்கப்பட்ட மொழியிலும், தற்செயலாகச் சிக்கிய மீனை உடனே விடுவிப்பவருக்கு அச்சட்டம் வெளிப்படையான பாதுகாப்புச் சொல் எதையும் தராமையிலும் உள்ளது. அச்சம் மீனைக் காப்பதில்லை. சிக்கியதைச் சொன்னால் வழக்கு வரும் என்றால், மீன் மறைக்கப்படும். அதனோடு அம்மீன் அங்கு இருந்தது என்னும் செய்தியும் மறையும்.

ஒரு மீனுக்கு இட்ட புதுப்பெயர்

இதற்கு மாறான அனுபவம் இதே சட்டத்தின்கீழ் குசராத்தில் கிடைத்தது. அங்கே திமிங்கிலச் சுறாவை மீனவர் பேரல் என அழைத்தனர். மீனைக் களைக்கச் செய்யப் பீப்பாய்களைக் கட்டி வேட்டையாடியதால் வந்த பெயர் அது. 2001இல் சட்டம் வந்தும் நிலைமை தானே மாறிவிடவில்லை. 2004இல் தொடங்கிய பரப்புரையில், சொற்பொழிவாளர் மொராரி பாபு அம்மீனைப் பேறுக்காகத் தாய்வீடு வரும் மகளோடு ஒப்பிட்டார். வாலி, அதாவது அன்புக்குரியவள், என்னும் குசராத்திப் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. வலையை அறுத்து மீனை விடுவிக்கும் மீனவருக்கு வலைக்கான இழப்பீடும் தரப்பட்டது. வேட்டைக்கருவியின் பெயரால் அறியப்பட்ட மீன், உறவுமுறையால் அறியப்படும் மீனாயிற்று. நூற்றுக்கணக்கான மீன்கள் விடுவிக்கப்பட்டன. அம்முயற்சி பின்னர் கேரளக் கரைக்கும் விரிந்தது. திருவனந்தபுரம் கடற்கரையில் கரைமடியில் சிக்கிய திமிங்கிலச் சுறாக்களை மீனவரே கடலுக்குள் தள்ளிவிட்ட நிகழ்வுகள் அண்மை ஆண்டுகளில் பலமுறை நடந்துள்ளன.

சட்டம் இரு கரையிலும் ஒன்றே, தண்டனையும் ஒன்றே. குசராத்தில் கூடுதலாக இருந்தவை மீனவர் நாவில் நிற்கும் ஒரு பெயரும், விடுவித்தவர் இழப்பைத் தாமே சுமக்க வேண்டியதில்லை என்னும் உறுதியும் ஆகும்.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் அட்டவணைகளை மாற்றி அடுக்கி, மேலும் பல சுறா, திருக்கை இனங்களைச் சேர்த்தது. பட்டியல் நீண்டிருக்கிறது. பூவாற்றுப் பொழியிலும் விழிஞ்ஞத்துப் பாறைகளிலும் நீரோடிக் கரையிலும் அப்பட்டியல் கலவா, உழுவை, வேளா, திருக்கை என்னும் சொற்களில், தமிழ், மலையாளம் ஆகிய இரு எழுத்துகளிலும், இளமீனின் படத்தோடு நிற்க வேண்டும். எந்தக் கலவாவைத் தொடலாம், எதனைத் தொடலாகாது, தவறிச் சிக்கினால் என்ன செய்வது என்னும் மூன்று செய்திகள் போதும். இதற்கு வேண்டிய அறிவு இரண்டு இடங்களில் உள்ளது. ஒன்று, விழிஞ்ஞத்தில் ஆய்வு மையம் கொண்டுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அமைப்புகளில். மற்றொன்று, நிறமும் புள்ளியும் கண்டு கலவாக்களைப் பிரித்தறியும் சூண்டப்பணிக்கார முதியவர்களிடம். முன்னதன் பட்டியல் அச்சில் உள்ளது. பின்னதன் பட்டியலைத் தொகுக்கும் பணி மீன்வளத் துறைக்கு மட்டும் உரியதன்று. எல்லையோர வட்டார வழக்குகளை ஆராயும் மொழியியல் மாணவர்க்கும் உரியது. அவ்வழக்கில் வேளாவை நேரிற் கண்டு பெயர் சொல்லத் தெரிந்த தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்கள் இருக்கும்போதே அச்சொற்கள் பதியப்பட வேண்டும்.